ஏறிக்கொண்டே போன எண்

இந்துமதியின் நாணயப் புள்ளி ஒரே வாரத்தில் எழுபத்தொன்பது ஏறியிருந்தது. அதற்காக அவள் எதுவும் செய்யவில்லை. உறுத்தியது அதுதான்.

தினமும் காலை ஆறு மணிக்குப் புதிய எண் வரும். கோயம்புத்தூர் முழுவதும் அந்த நேரத்தில் போனைப் பார்க்கும். முந்நூற்றுக்கும் தொள்ளாயிரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் வங்கிக்காரர் உட்காரச் சொல்வார். வீட்டுக்காரர் சாவி கொடுப்பதும், பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதும், பெண் பார்க்க வருவதும்கூட அதை வைத்துத்தான். முன்பெல்லாம் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று மட்டும் பார்த்து மாதம் ஒருமுறை போடுவார்களாம். இப்போது எண்ணைப் போடும் வாரியத்தின் இயந்திரம் எல்லாவற்றையும் பார்க்கிறது. கடையில் என்ன வாங்குகிறோம், எத்தனை மணிக்கு எழுகிறோம், எவ்வளவு வேகமாக நடக்கிறோம், போனில் எழுத்தைத் தட்ட எவ்வளவு நேரம் எடுக்கிறோம் என்பதுவரை.

இந்துமதி கணபதிப் பகுதியில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். கல்யாணமான புதிதில் அவளுடைய எண் ஐந்நூற்று நாற்பது. பதினொரு வருடங்கள் அதைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். கிரெடிட் கார்டு வரம்பில் முப்பது சதவீதத்தைத் தாண்டியதில்லை. தவணைத் தேதிக்கு மூன்று நாள் முன்பே கட்டிவிடுவாள். முதன்முதலில் வாங்கிய கார்டை, பயன்படுத்தாவிட்டாலும், மூடவில்லை. கணக்குக்கு வயது கூடக்கூட மதிப்பு. ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் கடன் கேட்கக்கூடாது என்று கம்பெனியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இவ்வளவு செய்தும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்றுதான் ஏறும். அப்படித்தான் எழுநூற்று எண்பத்தைந்துக்கு வந்திருந்தாள்.

இப்போது எண்ணூற்று அறுபத்து நான்கு.

அதே வாரத்தில் அவளுடைய கணவன் லோகநாதனின் எண் எழுநூற்று இரண்டிலிருந்து அறுநூற்றுப் பதினெட்டுக்கு இறங்கியிருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஒப்பந்தக் கம்பெனிக்காக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.

"ஏனுங்க, யார்கிட்டயாச்சும் கைமாத்து வாங்கியிருக்கீங்களா?"

"கைமாத்தா? எதுக்கு?"

"அப்புறம் எப்படிங்க எண்பத்தி நாலு எறங்கும்? போன்ல சீட்டு கீட்டு ஆடுறீங்களா?"

"உன்ற மேல சத்தியமா இல்லை இந்து. உனக்குத்தான் ஏறிருக்குல்ல, சந்தோசமா இரேன்."

அவளால் இருக்க முடியவில்லை. அவன் குளிக்கப் போனபோது அவனுடைய போனை எடுத்துப் பார்த்தாள். சூதாட்டம் இல்லை. தெரியாத பெயர் இல்லை. மருந்துக்கடை ரசீதுகள் மட்டும் நிறைய இருந்தன. இரண்டு மாதத்தில் ஐந்து பாட்டில் கேஸ் மருந்து. கேட்டதற்கு, "ஓட்டல் சாப்பாடு, நெஞ்சைக் கரிக்குது" என்றான். அவள் போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டாள்.

வேலையில் மனம் ஒட்டவில்லை. பெட்டிகளில் தவறான ஊர்ச்சீட்டுகளை ஒட்டினாள். புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவிநாசி ரோட்டில் இருந்த வாரியத்தின் குறைதீர்ப்பு மையத்துக்குப் போனாள்.

அங்கே வந்திருந்த எல்லோருக்கும் எண் இறங்கியிருந்தது. ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். ஒரு பெண் கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருந்தாள். ஐந்தாவது கவுன்ட்டரில் அல்தாப் உசேன் என்று பெயர்ப்பலகை. அதன் பின்னால் நாற்பது வயதுக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"எவ்வளவு எறங்கிருக்குங்க?"

"எறங்கலீங்க. ஏறிருக்கு."

அவர் நிமிர்ந்தார். "ஏறுனதுக்கு இங்க யாரும் வந்ததில்லீங்க."

"நான் சம்பாதிக்காத மார்க்கு எனக்கு வேண்டாங்க. நாளைக்கு 'தப்பாப் போட்டுட்டோம்'னு சேர்த்து எறக்குனா நான் என்ன பண்ணுவேன்? காரணம் தெரிஞ்சா போதும்."

அல்தாப் சிரித்துக்கொண்டே அவளுடைய எண்ணைத் தட்டினார். திரையைப் படித்தார். சிரிப்பு மெல்ல நின்றது. இன்னொரு பக்கத்தைத் திறந்தார்.

"உங்க வீட்டுக்காரர் லோகநாதனா?"

"ஆமாங்க."

"அவருக்கு என்ன வயசு?"

"நாப்பத்தஞ்சு."

"இன்சூரன்ஸ் ஏதும் இருக்கா?"

"கம்பெனில குரூப் இன்சூரன்ஸ் இருக்குங்க. என்ற பேர்ல நாமினேசன். எதுக்குங்க கேக்கறீங்க?"

அவர் திரையை அணைத்தார். "சிஸ்டம் சரியாத்தான் இருக்குங்க. நீங்க போலாம்."

அவள் போகவில்லை. சுவரோரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்று பேருக்குப் பதில் சொன்னார். மூன்று முறையும் அவள் பக்கம் பார்த்தார். ஒரு மணிக்கு எழுந்து வெளியே போனவர், வாசலைத் தாண்டும்போது "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தில் இருந்த பேக்கரியில் இரண்டு டீ சொன்னார்.

"நான் சொன்னதா எங்கயும் வரக்கூடாதுங்க."

"வராதுங்க."

"மெஷின் உங்களை மட்டும் பார்க்கறதில்லை. உங்களை மாதிரி லட்சக்கணக்கான பேரைப் பார்த்து வெச்சிருக்கு. யார் எப்படி இருந்தாங்க, அப்புறம் கடனைக் கட்டுனாங்களா இல்லையான்னு. போன வாரம் உங்களைப் புதுசா ஒரு கூட்டத்துல சேர்த்திருக்கு. அந்தக் கூட்டத்துல இருந்த பொம்பளைங்கள்ல முக்காவாசிப் பேர், ஒரு வருசத்துக்குள்ள இருந்த கடனை மொத்தமா அடைச்சிருக்காங்க."

"அவ்வளவு பணம் எங்கிருந்துங்க?"

அல்தாப் டீ கிளாசைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

"வீட்டுக்காரரோட இன்சூரன்ஸ்லங்க."

ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இந்துமதி தன் டீ கிளாசைத் தள்ளி வைத்தாள்.

"நோயைப் பார்த்து மார்க்குப் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களே?"

"பார்க்கலைங்க. நோய்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. ஒருத்தர் மாடி ஏறும்போது முன்னைவிட ரெண்டு எடத்துல கூட நிக்கறாரு. கேஸ் மருந்து வாங்கறாரு. ராத்திரி மூணு மணிக்குப் போனை எடுத்து மணி பார்க்கறாரு. அப்படி இருந்தவங்க தவணையை நிறுத்திடறாங்க, அவங்க சம்சாரம் அப்புறம் கடனை அடைச்சுடறாங்க. அது மட்டும் தெரியும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு அது யோசிக்காது."

"நீங்க யோசிப்பீங்களே. நீங்க யாரும் சொல்ல மாட்டீங்களா?"

"எறக்கத்துக்குத்தான், அதுவும் உரியவரே வந்து கேட்டாத்தான், காரணம் சொல்லணும்னு விதி. ஏத்தத்துக்கு இல்லை." அவர் குரல் தணிந்தது. "எங்கம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போறதுக்கு நாலு மாசம் முந்தி எங்க அத்தாவுக்கு, அதான் அப்பாவுக்கு, அறுபது பாயிண்ட் ஏறுச்சுங்க. தெருவுக்கே பிரியாணி போட்டோம். நான் இந்த வேலைக்கு வந்ததுக்கு அப்புறந்தான் அவரோட பழைய பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அவரையும் இதே மாதிரி ஒரு கூட்டத்துலதான் சேர்த்திருந்துச்சு."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "தப்பாவும் இருக்கலாங்க. நூத்துக்கு இருபத்தஞ்சு பேர் விசயத்துல அது தப்பு. ஆனா இதைப் பெருசா வெளிய பேசிடாதீங்க. தெரிஞ்சா ஏத்தத்தைக் காட்டாம மறைச்சுருவாங்க. அப்புறம் முன்கூட்டியே தெரிஞ்சுக்க இந்த ஒரு வழியும் இருக்காது."

அன்று சாயங்காலம் மகள் ஆதிரை டியூஷன் போனபிறகு இந்துமதி எல்லாவற்றையும் லோகநாதனிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டே அவன் நெஞ்சில் கையை வைத்து லேசாகத் தடவிக்கொண்டான். பிறகு அவள் பார்க்கிறாள் என்று கையை எடுத்துவிட்டான்.

"நாளைக்கே போய் டெஸ்ட் எடுத்தரலாங்க."

"உன்ற நம்பர் இப்ப எவ்வளவு?"

"அதை விடுங்க."

"சொல்லு."

"எண்ணூத்தி அறுபத்தி நாலு."

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். கீழே வீட்டு உரிமையாளர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்தில் இது அவர்களுக்கு ஆறாவது வீடு. எண்ணூற்று ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பதினொரு மாதத்துக்கு மேல் யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை. அதைவிட நல்ல எண்ணோடு ஒருவர் வந்து கேட்டால், இவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"கீரணத்தத்துல பார்த்து வெச்ச வீட்டை வாங்க மூணு தடவை லோன் கேட்டோம். ஏன் கெடைக்கலை? என்ற நம்பரையும் சேர்த்துப் பார்த்தாங்க. எண்ணூத்தம்பதுக்கு மேல இருந்தா உன்ற ஒருத்தி பேர்லயே குடுப்பாங்க. விண்ணப்பம் குடுத்தா பதினெட்டு நாள்ல கையெழுத்து. அது வரைக்கும் நம்பர் நிக்கணும். ஆஸ்பத்திரி பில்லு ஒண்ணு விழுந்தா போச்சு."

"உங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?"

"பதினெட்டு நாளுதான் இந்து. கையெழுத்துப் போட்ட மறுநாள் நானே வந்து ஆஸ்பத்திரில படுத்துக்கறேன். எனக்கு ஏதாவது ஆனாலும் உங்க ரெண்டு பேரையும் யாரும் பொட்டியைத் தூக்கச் சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் பணத்துல கடன் அடைஞ்சுரும். அந்த மெஷினே அப்படித்தானே கணக்குப் போட்டிருக்கு?"

"மெஷின் நீங்க செத்துப்போவீங்கன்னு கணக்குப் போட்டிருக்குங்க!"

"டெஸ்ட் எடுக்காத வரைக்கும் எனக்கு ஒரு நோயும் இல்லை." அவன் அவள் பக்கம் திரும்பினான். "இத்தனை வருசத்துல நான் உனக்குன்னு ஒண்ணுமே பண்ணுனதில்லை. எப்பவும் உன்ற நம்பரைக் கீழ இழுத்தது நான்தான். இது ஒண்ணாவது பண்ண விடு."

அவள் அழுதாள், திட்டினாள், சாப்பிடாமல் இருந்தாள். அவன் அசையவில்லை. அடுத்த நாள் வங்கிக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். தன் பெயரில் அவள் விண்ணப்பம் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். அவளுக்கும் அந்த வீடு வேண்டும் என்பதுதான் பதில். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு வந்த நாள்களில் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவாள். வேலைக்குப் போனால் மணிக்கு ஒருமுறை போன் செய்வாள். அவன் எடுக்கும்வரை கையில் இருக்கும் ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டே இருப்பாள். காலை ஆறு மணிக்கு, அவன் விழிக்கும் முன்பே போனை எடுத்துப் பார்ப்பாள். எண்ணூற்று அறுபத்தேழு. எண்ணூற்று எழுபத்தொன்று. மற்றவர்கள் சாமி கும்பிட்டு வாங்கும் எண்கள் அவை. ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் அவன் அவளைவிட்டு ஓரடி தள்ளிப் போவதாக அவளுக்குத் தோன்றியது.

ஏழாவது நாள் காலை ஒரேயடியாகப் பதினொன்று ஏறியது. எண்ணூற்று எண்பத்திரண்டு.

"பார்த்தியா, சூப்பரா நிக்குது" என்றான் லோகநாதன். தோசை பாதியிலேயே இருந்தது. அவனுடைய உதடு வெளுத்திருந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் இந்துமதி பேக்கிங் கூடத்தில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று போனை எடுத்தாள். எண்ணை ஏற்றத் தெரிந்தவளுக்கு இறக்கவும் தெரியும். செய்யாதே, செய்யாதே என்று பதினொரு வருடங்கள் ஊருக்குச் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தாள். பைக்குக்கு ஒரு கடன் கேட்டாள். ஃபிரிட்ஜுக்கு ஒன்று. நகைக்கு ஒன்று. சிங்கப்பூர் சுற்றுலாவுக்கு ஒன்று. பெயரே கேள்விப்படாத கம்பெனிகளிடம் அவசரக் கடன் ஐந்து. கடன், கார்டு விவகாரத்துக்கு மட்டும் இயந்திரம் மறுநாள் காலைவரை காத்திருப்பதில்லை; ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எண் உடனே ஆடியது. எண்ணூற்று ஐம்பத்தாறு. எண்ணூற்று நாற்பத்தெட்டு. எண்ணூற்று ஐம்பதைத் தாண்டிக் கீழே வந்தபோது கை ஒரு நொடி நின்றது. கீரணத்தம் வீட்டின் பால்கனி ஞாபகம் வந்தது. பிறகு, முதன்முதலில் வாங்கிய அந்தப் பழைய கார்டை மூடினாள். மற்ற இரண்டு கார்டுகளிலும் இருந்த மொத்த வரம்பையும் ஒரு இதய மருத்துவமனைக்கு முன்பணமாகக் கட்டினாள்.

அறுநூற்று அறுபத்தொன்று.

வங்கியிலிருந்து போன் வந்தது. "மேடம், என்ன நடக்குது? யாராச்சும் உங்க போனை ஹேக் பண்ணிட்டாங்களா?"

"இல்லீங்க. நான்தான்."

"ஃபைலை க்ளோஸ் பண்ண வேண்டியிருக்குங்க மேடம்."

"பண்ணிடுங்க."

லோகநாதன் அன்று சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலையாக இருந்தான். லிஃப்ட் நின்றிருந்ததால் இந்துமதி படியேறினாள். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், கருவிப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுவதும் வேர்வை. போன் கையில் இல்லை.

"சும்மாத்தான் உட்கார்ந்தேன்" என்றான். "போனைக் கீழ வண்டில வெச்சுட்டேன். நான் நிக்கறது அதுக்குத் தெரிஞ்சா உன்ற நம்பர் இன்னும் ஏறும், நீ பயந்துக்குவேல்ல."

அவள் தன் போனை நீட்டினாள். அவன் எண்ணைப் பார்த்தான். நம்பாமல் மறுபடியும் பார்த்தான்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே? பதினோரு வருசம்!"

"நான் கட்டுனது. நான்தான் இடிச்சேன். இனிக் காத்திருக்க ஒண்ணுமில்லை. எந்திரிங்க, ஆட்டோ நிக்குது."

அவன் அவளைத் திட்ட வாயெடுத்தான், மூச்சு போதவில்லை. அவள் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொரு கையை அவனுக்குக் கொடுத்தாள்.

ஆஞ்சியோகிராம் எடுத்த டாக்டர் வெளியே வந்தபோது மாலை ஆறரை. "இடது பக்கத்து முக்கியமான ரத்தக்குழாய்ல தொண்ணூறு சதவீதம் அடைப்பு இருக்கும்மா. இன்னும் பத்து நாள் தாங்கியிருந்தா ஆச்சரியம். பெருசா வலிகூட வரலைங்கறாரு. எப்படிச் சந்தேகப்பட்டுக் கூட்டிட்டு வந்தீங்க?"

"கொஞ்சம் களைப்பாத் தெரிஞ்சுதுங்க" என்றாள் இந்துமதி.

இரண்டு நாள் கழித்து பைபாஸ் செய்தார்கள். மீதிப் பணத்துக்கு மருத்துவமனையே ஒரு கடன் கம்பெனியைக் கைகாட்டியது. அவளுடைய எண்ணுக்கு என்ன வட்டியோ அதற்கு அவள் கையெழுத்துப் போட்டாள். எண் அறுநூற்று நாற்பத்தொன்றுக்கு வந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அங்கேயே நின்றது. லோகநாதன் ஐ.சி.யு.வில் குழாய்களோடு கிடந்தான். பொறுத்திருந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, வெளியே வராந்தாவில் உட்கார்ந்தபடி போனைப் பார்த்தாள். ஐந்நூற்று முப்பத்தாறு.

புதிதாக ஒரு கடனும் வாங்கவில்லை. எந்தத் தவணையும் தவறவில்லை. ஒரே இரவில் நூற்றைந்து புள்ளிகள் இறங்கியிருந்தன. அவள் எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்தக் கூட்டத்திலிருந்து அவளை வெளியே எடுத்துவிட்டார்கள். மருத்துவமனை ரசீதுகளை வைத்தோ வேறு எதை வைத்தோ, அவன் பிழைத்திருப்பான் என்று இயந்திரம் நினைக்கிறது. கடனைக் கட்ட இனி இன்சூரன்ஸ் பணம் வராது என்று நினைக்கிறது.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தோளைத் தொட்டாள்.

"என்னாச்சுங்க கண்ணு?"

"எறங்கிருச்சுங்க. நூத்தி அஞ்சு எறங்கிருச்சு."

"அய்யோ, அதுக்கு அழுவாங்களா? கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கலாம், விடுங்க."

ஒன்பது மணிக்கு நர்ஸ் வந்து, அவர் கண் விழித்து உங்களைக் கேட்கிறார் என்றாள்.

ஏழு மாதங்கள் ஓடின. வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சின்னவேடம்பட்டியில் ஒற்றை அறை வீடு ஒன்றுக்குப் போனார்கள். ஆதிரைக்குப் பள்ளிக்கூடம் மாறியது. ஒரு மாதம் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. லோகநாதன் இனிக் கட்டடம் ஏறக்கூடாது என்பதால் கம்பெனியின் பட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். சம்பளம் பாதி. இந்துமதி மறுபடியும் தவணைத் தேதிக்கு மூன்று நாள் முன்பே கட்டத் தொடங்கியிருந்தாள். எண் ஐந்நூற்று அறுபதைத் தொட்டது.

ஆனால் பழைய நிம்மதி வரவில்லை. எண் இரண்டு ஏறினால்கூட அன்று முழுவதும் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. ஒழுங்காகக் கட்டியதற்காகக் கிடைத்ததா, அவனுடைய நெஞ்சிலிருந்து கழிக்கப்பட்டதா என்று தெரியாது. பல் தேய்த்துக்கொண்டிருக்கும் அவனை நிறுத்தி, "நல்லா மூச்சு இழுங்க" என்பாள். அவன் வாயில் நுரையோடு இழுத்துக் காட்டுவான்.

ஒரு திங்கட்கிழமை, பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெனிட்டா மைசூர்பாக் டப்பாவோடு எல்லோரிடமும் வந்தாள். இருபத்து நான்கு வயது. வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"எடுத்துக்கங்க அக்கா. என் ஸ்கோர் ஒரே வாரத்துல அம்பத்தி ஏழு ஏறிடுச்சு!"

சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். எப்படி ஏத்தினே, எங்களுக்கும் சொல்லு என்றார்கள். எனக்கே தெரியாது என்று பெனிட்டா சிரித்தாள்.

இந்துமதி ஒரு துண்டை எடுத்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். நூற்றுக்கு இருபத்தைந்து தப்பு என்று அல்தாப் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. வெறும் நல்ல காலமாகவும் இருக்கலாம். சின்னப் பெண்ணைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது? இவள் நாலு பேரிடம் சொல்லி, அது ஊருக்குத் தெரிந்து, வாரியம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டால்? கூட்டம் கலையும்வரை அங்கேயே நின்றாள். பிறகு பெனிட்டாவை அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க கண்ணு?"

"நானும் அப்பாவும்தான்க்கா. அம்மா இல்லை."

"அப்பா என்ன பண்றாரு?"

"வேன் ஓட்டறாரு. ஏன்க்கா?"

"அவரு ஸ்கோர் எவ்வளவுன்னு தெரியுமா?"

"அது பாவம், இந்த வாரம் எறங்கிடுச்சு. என்னான்னே தெரியலைன்னு பொலம்பிக்கிட்டு இருக்காரு." பெனிட்டாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. "அதனாலதான் அவருக்கு முன்னாடி ரொம்ப சந்தோசப்பட்டுக்க வேண்டாம்னு ஸ்வீட்டை இங்க கொண்டுவந்துட்டேன்."

இந்துமதி மைசூர்பாக்கை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.

"அப்பாவுக்குப் போன் பண்ணு. வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லு."